கண் எட்டாத நிலம்

நாமக்கல் மாவட்டத்தில் சமவெளியினின்று செங்குத்தாக எழுந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கச் சான்றோர் பலர் பாடிய மலையும் அதுவே. அம்மலையின்மேல் சிற்றூர்கள் சில சேர்ந்த தொகுதியை 'நாடு' என்று வழங்குவர். வளவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என நாடுகள் பல அங்கே உண்டு. அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. சமவெளியில் வாழ்வோர்க்கு நாடு என்றதும் அரசும் படையும் எல்லைக்கோடும் நினைவிற்கு வரும். மலைமக்களுக்கோ நாடு என்பது ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவினது. மலையின் பள்ளங்களில் நெல் விளையும். சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும். பலாவும் மிளகும் காப்பியும் செழிக்கும்.

அம்மலையின் உச்சியில் நின்று எத்திசையை நோக்கினும் கடல் தோன்றாது. ஆயினும், ஆழ்கடலின் அடியில் கனிப்பொருள் தோண்டலாமா என்று இன்று உலகம் நடத்தும் வாதத்தில், சான்று கூறத் தக்க இடங்களுள் கொல்லிமலையும் ஒன்றாகும். தோண்டப்படுவதன் பொருள் இன்னதென்பதை அம்மலை பட்டறிந்துள்ளது.

கொல்லிமலையின் உச்சிகளில் செம்மண்ணோடு சேர்ந்து பாக்சைட்டு என்னும் கனிமம் படிந்துள்ளது. சமையற்பாத்திரம் முதல் வானூர்தி வரை பயன்படும் அலுமினியம் இதிலிருந்தே பிரிக்கப்படுகிறது. 1960-களில் மேட்டூரில் எழுந்த அலுமினியத் தொழிற்சாலைக்குச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டு வெட்டி அனுப்பப்பட்டது. இக்கனிமம் நிலக்கரி போலவோ தங்கம் போலவோ ஆழத்தில் புதைந்து கிடப்பதன்று. மலையின் தலைமேல் கவிழ்த்த தொப்பிபோல் அமைந்தது. ஆதலின், அதனை எடுப்போர் முதலில் மேல்மண்ணை அகற்றுதல் வேண்டும். மண் போனால் அதில் வேரூன்றிய மரமும் போகும். நுண்துளைகள் நிறைந்த அப்படிவு மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்லக் கீழே கசியவிடும் இயல்புடையது. அது போனால் ஊற்றின் நிலை என்னாகும் என்பதை மலைமக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

உரிய சுற்றுச்சூழல் இசைவு பெறாமல் கொல்லிமலையில் சுரங்கப் பணி நடைபெறுகிறது என்று சூழல் ஆர்வலர்கள் முறையிட்டனர். 2008ஆம் ஆண்டில் அப்பணி நின்றது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது ஈண்டு ஆராயப்படும் பொருளன்று. கருதத் தக்கது வேறொன்று: மலையில் குழி விழுந்தால் ஆடு மேய்ப்பவன் அதனைக் காண்பான், ஓடை கலங்கினால் நீர் முகக்கச் செல்பவள் அறிவாள், கனிமம் ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை ஊரே பார்க்கும். பார்த்தவர் வாயிருந்தால் பேசுவர். எழுதத் தெரிந்தால் மனுவும் எழுதுவர். கண்டவரும் முறையிட்டவரும் இருந்தும், அங்கே வெட்டு நிற்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது எழுந்துள்ள ஒரு வாதத்தைக் கேட்டல் வேண்டும். "மலைகளைத் தோண்டினால் காடு அழிகிறது, மக்கள் இடம் பெயர்கின்றனர், பூசலும் வழக்கும் பெருகுகின்றன. கடலின் அடியிலோ காடில்லை, ஊரில்லை, உழவரில்லை. அங்கே கிடக்கும் கனிமத்தைத் திரட்டி வந்தால் மலைகள் பிழைக்கும்" என்பர் ஆழ்கடல் சுரங்கத் தொழிலை விரும்புவோர். கேட்பதற்கு இனிய சொல் இது. குண்டூர் நாட்டைப் போன்ற மலைநாடுகளின் பெயரால் கூறப்படுவது போன்ற சொல்லும் ஆகும். அதனாலேயே இதனை நன்கு சீர்தூக்கிப் பார்த்தல் கடன்.

ஆழ்கடலின் அடியில் கிடப்பது யாது? 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. 1873ஆம் ஆண்டில் அக்கப்பலார் கடலடியிலிருந்து இழுத்த வலையில், உருளைக்கிழங்கு போன்ற கருநிற உருண்டைகள் சில வந்தன. அவற்றை மாங்கனீசு உருண்டைகள் என்பர். மாங்கனீசும் இரும்பும் மிகுதியாகவும், நிக்கல், செம்பு, கோபால்ட்டு ஆகியவை சிறிதளவாகவும் அவற்றில் அடங்கியுள்ளன. 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஆழமுள்ள கடற்சமவெளிகளில், சேற்றின்மேல் பாதி புதைந்தும் பாதி வெளித்தெரிந்தும் அவை பரந்து கிடக்கின்றன. சுறாவின் பல்லோ, சிப்பியின் துண்டோ, சிறு கல்லோ கருவாக அமைய, அதனைச் சுற்றி நீரில் கரைந்துள்ள உலோகங்கள் படலம் படலமாகப் படிவதால் அவை உருவாகின்றன. பத்து இலட்சம் ஆண்டுகளில் ஓர் உருண்டை வளரும் அளவு சில மில்லிமீட்டரே. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை ஒன்று, மனித இனம் இவ்வுலகில் தோன்றுவதற்கு முன்பே வளரத் தொடங்கியதாகும்.

இந்தியர் இவ்வுருண்டைகளை முதலில் தம் கையால் எடுத்த நாள் 1981ஆம் ஆண்டு சனவரி 26. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் 'கவேசனி' என்னும் ஆய்வுக் கப்பல் அச்செயலைச் செய்தது. 1987இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஏற்பாட்டின்கீழ் இந்தியா முன்னோடி முதலீட்டு நாடாகப் பதிவு பெற்றது. 2002இல் அனைத்துலகக் கடற்படுகை ஆணையத்தோடு ஆய்வு ஒப்பந்தம் செய்தது. இன்று நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆராயும் உரிமை இந்தியாவினுடையது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது அது. அப்பரப்பில் 38 கோடி டன் உருண்டைகள் இருக்கும் என அரசு மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் நிக்கல் 47 இலட்சம் டன், செம்பு ஏறத்தாழ 43 இலட்சம் டன், கோபால்ட்டு ஐந்தரை இலட்சம் டன் என்பது கணக்கு. கோபால்ட்டுக்கும் நிக்கலுக்கும் பெரும்பாலும் அயல்நாடுகளை நம்பியிருக்கும் ஒரு நாட்டிற்கு இவ்வெண்கள் ஆசை ஊட்டுவதில் வியப்பில்லை.

எண்ணப்பட்டது உலோகம். எண்ணப்படாதது ஒன்றும் அங்கே உண்டு, அஃது உயிர்.

ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் கதிரவன் ஒளி ஒரு துளியும் எட்டாது. நீரின் குளிர் பனிக்கட்டியின் குளிரை நெருங்கும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ அரை டன் எடை அழுத்தும். இத்தகைய இடத்தில் உயிர் வாழாது என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி அறிஞர் சிலர் கருதினர். அவர் கருத்துப் பிழையாயிற்று. மேற்கடலில் மடியும் நுண்ணுயிர்களின் உடற்கூறுகளும் மீன்களின் கழிவும் ஓயாத தூறல்போல் கீழ்நோக்கி விழுந்தவண்ணம் உள்ளன. அதனைக் கடற்பனி என்று அறிவியலார் அழைப்பர். அத்தூறலே அங்கு வாழ்வோர்க்கு உணவு. மானாவாரி நிலத்தில் வானம் பார்த்து வாழும் உழவரைப் போல, மேலிருந்து விழுவதை எதிர்நோக்கியே அவ்வுயிர்கள் வாழ்கின்றன. உணவு அருமையாதலின் அவற்றின் வளர்ச்சியும் மெதுவானது, இனப்பெருக்கமும் மெதுவானது.

அவ்வுலகில் சேறு எங்கும் உண்டு, கல் அரிது. பற்றிக்கொண்டு வாழ வேண்டிய கடற்பஞ்சு, பவளம், கடற்சாமந்தி முதலியவற்றிற்கு வன்மையான இடம் வேண்டும். பரந்த சேற்றுவெளியில் அவ்விடத்தைத் தருவன மாங்கனீசு உருண்டைகளே. பெரு நாட்டை அடுத்த ஆழ்கடலில், 4,000 மீட்டருக்கும் கீழே, அறிவியலார் கண்ட காட்சி ஒன்று நினைவிற் கொள்ளத் தக்கது. உருண்டை ஒன்றின்மேல் கடற்பஞ்சு ஒன்று முளைத்து, தண்டு நீட்டி, பின் மாண்டுவிட்டது. மாண்ட அத்தண்டின்மேல் வெண்ணிற எண்காலி ஒன்று முட்டைகளை இட்டு, தன் கைகளால் அவற்றை அணைத்துக் கிடந்தது. மீனவர் பேய்க்கணவாய் என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது அது. ஆழ்கடல் எண்காலிகள் முட்டைகளைக் காக்கும் காலம் எவ்வளவு என்பதற்குக் கலிபோர்னியக் கரையை அடுத்த கடலில் ஒரு சான்று கிடைத்துள்ளது. அங்கே தாய் ஒன்று 53 மாதங்கள் தன் முட்டைகளை விட்டு நீங்காமல் இருந்ததை ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் சென்று கண்டனர். உருண்டை இல்லையேல் கடற்பஞ்சு இல்லை. கடற்பஞ்சு இல்லையேல் அவ்வெண்காலிக்கு முட்டையிடும் இடம் இல்லை. கனிமம் என்று கணக்கில் எழுதப்பட்ட பொருள், மற்றோர் உயிர்க்குத் தொட்டிலாக இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலிலேயே மற்றொரு வியப்பும் உண்டு. கடலடி மலைத்தொடர்களில் வெந்நீர் ஊற்றுகள் பீறிடும் இடங்கள் சில உள்ளன. அவ்வூற்றுகளின் அருகே, காலில் இரும்புக் கந்தகத்தாலான செதில்களைக் கவசமாகப் பூண்ட நத்தையினம் ஒன்று 2001இல் கண்டறியப்பட்டது. இரும்பைக் கவசமாகக் கொண்ட இத்தகைய விலங்கு வேறெங்கும் அறியப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்நத்தையை அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தல் காரணமாக அப்பட்டியலில் இடம் பெற்ற முதல் உயிரினம் அதுவே. வெந்நீர் ஊற்றுகளைச் சூழ்ந்து உருவாகும் கந்தகக் கனிமங்களுக்காகவும் நாடுகள் ஒப்பந்தம் செய்துள்ளன. 2016இல் இந்தியாவும் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது.

தெரிந்தவை இவை. தெரியாதவை எத்துணை? பசிபிக் பெருங்கடலில் மெக்சிகோவிற்கும் அவாய்த் தீவுகளுக்கும் இடையே உள்ள கிளாரியன் கிளிப்பர்டன் பகுதி, உருண்டைகள் மிகுதியாகக் கிடக்கும் இடம். அங்குள்ள உயிரினங்களைப் பற்றிக் கிடைத்த செய்திகளை எல்லாம் தொகுத்து 2023இல் அறிஞர் ஒரு கணக்கு வெளியிட்டனர். 5,578 இனங்கள் அங்கு வாழ்வதாக அவர் கண்டனர். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அறிவியலில் இன்னும் பெயரும் விளக்கமும் பெறாதவை. பெயரிடப்படாத ஓர் உயிர் அழிந்தால், அழிந்தது இன்னது என்று சொல்வதற்கும் வழியில்லை.

இனி, தோண்டும் முறையைக் காண்போர் அதன் விளைவை எளிதில் உய்த்துணரலாம். கப்பலிலிருந்து இறக்கப்படும் பெருவண்டி ஒன்று கடலடியில் சங்கிலிச் சக்கரங்களால் ஊர்ந்து செல்லும். செல்லும் வழியில் உருண்டைகளையும், அவற்றோடு மேற்படையாக உள்ள சேற்றையும் வாரி எடுக்கும். நெடிய குழாய் வழியாக அவை கப்பலுக்கு ஏற்றப்படும். உருண்டைகளைப் பிரித்தபின் எஞ்சும் கலங்கல் நீர் மீண்டும் கடலில் விடப்படும். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய அத்தகைய வண்டிக்கு 'வராகா' என்று பெயர். 2021ஆம் ஆண்டில் நடு இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் அது இறக்கிச் சோதிக்கப்பட்டது. அத்துணை ஆழத்திற்கு ஓர் எந்திரத்தை அனுப்பி இயக்கியது சிறிய செயலன்று. அதனைச் செய்த பொறியாளர் பாராட்டிற்கு உரியவர். பெயரைத் தேர்ந்தவர்தாம் சற்று எண்ணியிருக்கலாம். புராணத்து வராகம் கடலுள் மூழ்கிய நிலத்தை மீட்டு வந்தது. இவ்வராகம் மூழ்கியே இருக்க வேண்டிய நிலத்தைப் பெயர்த்து வருவது.

வாரப்பட்ட இடத்தில் உருண்டையும் போகும். அதனைப் பற்றி வாழ்ந்த உயிரும் போகும். அவ்வளவோடு தீங்கு நிற்பதில்லை. கிளறப்பட்ட நுண்சேறு புகைபோல் எழுந்து நீரோட்டத்தில் மிதந்து அப்பாலும் செல்லும். தெளிந்த நீரில் வாழப் பழகிய கடற்பஞ்சு முதலியவை நீரை வடிகட்டி உணவு கொள்வன. சேறு படிந்தால் அவற்றின் வடிகட்டும் துளைகள் அடைபடும். கப்பலிலிருந்து விடப்படும் கலங்கல் நீர் நடுக்கடலின் இடைப்பட்ட ஆழங்களில் பரவுமானால், அங்குள்ள நுண்ணுயிர்களும் அவற்றை உண்ணும் சிறு மீன்களும் துன்புறும். அச்சிறு மீன்களை நம்பி வாழ்வது சூரை போன்ற பெருமீன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் நெடுந்தொலைவு சென்று பிடிக்கும் சூரையும் சுறாவும் இச்சங்கிலியில் அடங்கியவையே. எந்திரங்களின் ஓசையோ நீரில் நெடுந்தூரம் பரவும். ஒலியாலேயே ஒன்றையொன்று அறிந்து வாழும் திமிங்கிலங்களுக்கு அது பெருந்தொல்லை.

இவையெல்லாம் வெறும் அச்சமே என்று தள்ளிவிட முடியாதபடி மூன்று சோதனைகள் நிகழ்ந்துள்ளன. 1979இல் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியில் சுரங்க வண்டி ஒன்று சோதனையாக ஓட்டப்பட்டது. 44 ஆண்டுகள் கழித்து அறிவியலார் அங்குச் சென்று பார்த்தனர். வண்டியின் தடம் நேற்று உழுத சால்போல் தெளிவாக இருந்தது. நடமாடும் சிறு உயிர்கள் சில திரும்பி வந்திருந்தன என்பதையும் அவர்கள் ஒளிக்காமல் கூறினர். ஆயினும் ஓரிடத்தில் ஊன்றி வாழும் பெரிய உயிர்கள் அத்தடத்தில் மிகச் சிலவே.

இரண்டாவது சோதனை, 1989இல் பெரு நாட்டை அடுத்த ஆழ்கடலில் செருமானிய அறிவியலார் செய்தது. அவர்கள் கனிமம் எடுக்கவில்லை. கலப்பை போன்ற கருவியைக் கடலடியில் இழுத்து உழுது விட்டு, நிலம் எவ்வாறு ஆறுகிறது என்று காத்திருந்தனர். 26 ஆண்டுகள் சென்று 2015இல் பார்த்தபோது உழுசால்கள் அப்படியே கிடந்தன. சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் செயலும் பழைய அளவை எட்டவில்லை. தரையில் உழுத நிலத்தை ஓராண்டு தரிசாக விட்டால் புல் மூடிவிடும். கடலடியில் ஒரு தலைமுறை போதவில்லை.

மூன்றாவது சோதனையைச் செய்தவர் இந்தியரே. 1997இல் நடு இந்தியப் பெருங்கடலில், மூன்று கிலோமீட்டர் நீளமும் இருநூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையில் சேற்றைக் கிளறிவிட்டு அதன் விளைவைக் கோவா நிறுவனத்தினர் ஆராய்ந்தனர். கிளறிய இடத்தில் அடிமண் உயிர்களின் அளவு குறைந்தது. தோண்டும் முன்பே தீங்கை அளந்தறிய முற்பட்ட அந்நேர்மை போற்றத் தக்கது. ஆனால் 75,000 சதுர கிலோமீட்டரைப் பற்றி முடிவு செய்ய ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரு பட்டையின் சான்று போதுமா?

மறுபக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. கரியும் எண்ணெயும் எரிப்பதால் உலகம் சூடேறுகிறது. அதனைத் தவிர்க்க மின்வண்டிகளும் மின்கலங்களும் வேண்டும். மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் பயன்படுகின்றன. இன்று உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் வெட்டப்படுகிறது; அங்கே சிறுவர்களும் குழிகளில் உழைக்கும் கொடுமை நிகழ்ந்துள்ளது. நிக்கலுக்காக இந்தோனேசியாவில் காடுகள் அழிகின்றன. இத்துயரங்களைக் கண்டு, கடலே மேல் என்று எண்ணுவோரைத் தீயவர் என்று ஒதுக்குதல் முறையன்று.

ஆயினும் அவர் கூறும் கணக்கில் ஓட்டை உண்டு. கடலில் தோண்டினால் மலையில் தோண்டுவது நிற்கும் என்பதற்கு உறுதி யார் தருவார்? மாங்கனீசு உருண்டையில் பாக்சைட்டு இல்லை. ஆழ்கடல் முழுவதையும் வாரி எடுத்தாலும் கொல்லிமலையின் உச்சியில் ஒரு கூடை மண் மிஞ்சப்போவதில்லை. நிக்கலும் செம்பும் மிகுதியாகச் சந்தைக்கு வந்தால், விலை இறங்கிப் பயன்பாடு பெருகுதலும் கூடும். மலையும் வெட்டப்பட்டுக் கடலும் வாரப்படுதலே அதன் முடிவாகலாம். தேவை என்பதும் கல்லில் எழுதிய எழுத்தன்று. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாமல், இரும்பும் பாசுபேட்டும் கொண்டு செய்யப்படும் மின்கலங்கள் இன்று கோடிக்கணக்கில் விற்பனையாகின்றன. ஆழ்கடல் உருண்டைகளுக்காகத் திட்டம் தீட்டிய காலத்தில் கைகூடாதிருந்த வழி அது. பழைய மின்கலங்களை உருக்கி உலோகத்தை மீட்கும் தொழிலும் வளர்ந்து வருகிறது. அங்ஙனமிருக்க, பல இலட்சம் ஆண்டுகளில் விளைந்த பொருளைப் பத்தாண்டுச் சந்தை நிலவரம் நோக்கி அள்ளுவது அவசரமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டு நவம்பரில், மால்ட்டா நாட்டின் தூதர் ஆர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் எழுந்து, எந்நாட்டின் எல்லைக்குள்ளும் அடங்காத கடலடி மனித இனம் முழுவதற்கும் உரிய பொதுச்சொத்து ஆகவேண்டும் என்று வாதிட்டார். வலிய நாடுகள் முந்திக்கொண்டு பங்கிட்டுவிடும் என்பது அவர் கவலை. 1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த கடற்சட்ட உடன்படிக்கை அக்கருத்தை ஏற்றது. கடலடியை மேற்பார்க்க அனைத்துலகக் கடற்படுகை ஆணையம் யமைக்கா நாட்டின் கிங்சுடன் நகரில் அமைந்தது. சுரங்க உரிமம் வழங்குவதும் அவ்வாணையமே. கடல்வாழ் உயிர்களைக் காக்க வேண்டுவதும் அதுவே. ஏரியின் காவலையும் மீன்பிடிக் குத்தகையையும் ஒருவரிடமே ஒப்படைத்த ஊரின் நிலைதான் இது. வணிகச் சுரங்கத்திற்கான விதிகளை ஆணையம் பல ஆண்டுகளாக எழுதி வருகிறது. 2025ஆம் ஆண்டுக் கூட்டங்களிலும் அவை நிறைவெய்தவில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில், உடன்படிக்கையில் சேராத அமெரிக்க நாடு தன் சட்டத்தின்கீழ் பொதுக்கடலிலும் உரிமம் வழங்க முற்பட்டது. பார்டோ அஞ்சியது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து வாயிலில் வந்து நிற்கிறது.

இதற்கு மாறாக, பிரான்சு முதலிய ஏறத்தாழ நாற்பது நாடுகள், ஆழ்கடலைப் பற்றிய அறிவு போதுமான அளவு கிட்டும்வரை சுரங்கத்தை நிறுத்தியோ தடுத்தோ வைக்க வேண்டும் என்று கூறி வருகின்றன. அவற்றுட் சில, கடலன்றி வேறு செல்வம் இல்லாத பசிபிக் தீவு நாடுகள். இந்தியா அவ்வரிசையில் சேரவில்லை. 2021இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் திட்டம் ஒன்றை இந்திய அரசு ஏற்றது. உருண்டைகளை எடுக்கும் தொழில்நுட்பம், ஆழ்கடல் உயிர்களின் ஆராய்ச்சி, மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் செல்லவல்ல 'மத்சியா 6000' என்னும் ஊர்தி ஆகியவை அத்திட்டத்துள் அடங்கும்.

இந்தியா செய்யத் தக்கது அத்திட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. வராகா 2021லேயே கடலடியைத் தொட்டுவிட்டது. மத்சியாவோ 2025இல்தான் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்து நீரில் சோதிக்கப்பட்டது. தோண்டும் எந்திரம் முந்திச் சென்றது. காணும் கண் பிந்தி நிற்கிறது. திருமாலின் பத்துப் பிறப்புகளை எண்ணுவோர் மச்சத்தை முதலிலும் வராகத்தை மூன்றாவதாகவும் எண்ணுவர். அவ்வரிசையைப் பின்பற்றினாலே போதும். முதலில் அறிவியலார் மத்சியாவில் ஏறி 75,000 சதுர கிலோமீட்டரையும் பகுதி பகுதியாகச் சென்று காணட்டும். அங்கு வாழும் உயிர்களுக்குப் பெயர் கிடைக்கட்டும். 1997இல் கிளறிய பட்டை இன்று எந்நிலையில் உள்ளது என்பதை மீண்டும் ஒருமுறை பார்த்து உலகிற்குச் சொல்லட்டும். பசிபிக் கடலில் பிறர் 44 ஆண்டுகள் கழித்துச் செய்ததை இந்தியர் தம் ஆய்வுப் பகுதியிலேயே செய்ய இயலும். கண்டவற்றை எவரும் படிக்கும்படி வெளியிடட்டும். அதுவரை வராகா கரையிலேயே காத்திருப்பதால் உருண்டைகள் கரைந்துவிடப் போவதில்லை. எங்கும் ஓடிவிடவும் போவதில்லை.

கொல்லிமலையில் வெட்டு நின்றபின் அங்குக் குழி இருந்தது. குழியைச் சுட்டிக்காட்ட ஆளும் இருந்தார். மண்ணை இட்டு நிரப்பவும் மரம் நடவும் அங்கே கை எட்டும். கடலடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அள்ளிய உருண்டைக்கு ஈடாக அங்கே நடத்தக்கது யாதும் இல்லை. முறையிட வரும் ஊராரும் இல்லை. ஆகவே தோண்ட விரும்பும் நாடே கடலின் பொருட்டு முறையிடும் வாயாகவும் இருந்தாக வேண்டியுள்ளது. நடு இந்தியப் பெருங்கடலில் இந்தியாவின் ஆய்வு ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கிங்சுடன் நகரத்து மேசைமீது அதனை ஒட்டி இந்தியா வைக்கும் தாளில், டன் கணக்கு முதற்பக்கத்தில் இருக்குமா, உயிர்க் கணக்கு முதற்பக்கத்தில் இருக்குமா என்பதை இன்று பள்ளியில் பயிலும் தலைமுறை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.